கோஸ்ட் இமேஜிங் படம் புள்ளிமயமாக வருகிறதா?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குக் கம்ப்யூட்டேஷனல் கோஸ்ட் இமேஜிங் (கேமரா இல்லாமல், மொத்த ஒளி அளவுகளிலிருந்து கணக்கிட்டுப் படம் எடுக்கும் முறை) செய்கிறேன். அட்டையில் ஓர் எழுத்தை வெட்டி, புரொஜெக்டரிலிருந்து 64க்கு 64 ரேண்டம் பேட்டர்ன்கள் 2,000 அடித்து, ஊடே வரும் ஒளியை ஒரே போட்டோடையோடால் (ஒளி உணரி) அளக்கிறேன். அதை வாசிக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் போர்டில் 0.8 வோல்ட் காட்டுகிறது. படமோ வெறும் புள்ளிகள். ஏஐ மென்பொருளால் சரிசெய்து தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எழுத்துகளைக் காட்டிப் பழக்கிய நெட்வொர்க், குப்பையைப் போட்டாலும் எழுத்தைத்தான் தரும். வெட்டாத அட்டையை வைத்து அவர்களையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் ‘அ’ வந்தால் விஷயம் புரிந்துவிடும். வைவாவில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்த பிள்ளைகள் ஒருவர் இருவர் இல்லை.

கோளாறு உங்கள் அளவீட்டில் இருக்கிறது. ஊனோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும். உங்கள் 0.8 வோல்ட்டுக்குக் கிடைப்பது சுமார் 164 படி. எழுத்து 400 பிக்சல் அளவு என்றால், பேட்டர்ன் மாறும்போது ஒளி 5 சதவீதம்தான் ஏறி இறங்கும். அதாவது எட்டுப் படி! மொத்தப் படமும் அந்த எட்டுப் படிக்குள்தான் இருக்கிறது. ரெஃபரன்ஸை, அதாவது அளவின் உச்ச வோல்ட்டை, உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். புரோகிராமில் ஒரு வரி, செலவே இல்லை, எட்டுப் படி முப்பத்தேழு படியாகும். வோல்ட்டை இன்னும் நுணுக்கமான படிகளாகப் பிரிக்கும் 16 பிட் ஏடிஎஸ்1115 போர்டு இன்னும் நல்லது. துறை மூலம் வாங்கப் போகாதீர்கள். அதற்கும் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், காகிதம் சுற்றி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

அடுத்து, 4,096 பிக்சலுக்கு 2,000 ரேண்டம் அளவீடு போதாது. ஹடமார்ட் பேட்டர்னுக்கு (பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று மட்டுமே கொண்ட, ஒன்றோடொன்று கலக்காத பேட்டர்ன்கள்) மாறுங்கள். அதில் வரும் மைனஸ் ஒன்றைப் புரொஜெக்டரால் காட்ட முடியாது. எனவே ஒவ்வொரு பேட்டர்னுக்கும் பின்னாலேயே கறுப்பு வெள்ளையை மாற்றிப் போட்டு, இரண்டு அளவையும் கழியுங்கள். அறை வெளிச்சமும் அதிலேயே கழிந்துவிடும்.

ஆனால் சோக் வைத்த பழைய டியூப்லைட் கழியாது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அது வினாடிக்கு 100 முறை துடிக்கிறது, புரொஜெக்டர் 60 ஃப்ரேம் காட்டுகிறது, இரண்டும் ஒத்துப்போகாது. ஒரு அளவில் துடிப்பின் உச்சி சிக்கும், அடுத்ததில் பள்ளம் சிக்கும், கழித்தால் மிஞ்சுவது டியூப்லைட்தான். விளக்கை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பகிர்ந்துகொள்ளும் லேப், முடியாது என்றால், ஒவ்வொரு பேட்டர்னையும் சரியாக 50 மில்லிசெகண்ட் சராசரி எடுங்கள். அதற்குள் 3 முழு ஃப்ரேமும் 5 முழுத் துடிப்பும் அடங்கும். 49 வேண்டாம், 51ம் வேண்டாம். பேட்டர்ன் மாறியதும் அளக்காமல் இன்னொரு 50 காத்திருங்கள். புரொஜெக்டரின் ஆட்டோ பிரைட்னஸையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் 32க்கு 32 போதும்: 1,024 பேட்டர்ன், மாற்றிப் போட்டவற்றோடு 2,048, மூன்றரை நிமிடம். அப்புறம் 64க்குப் போனால் கால் மணி நேரத்துக்குள் முடியும். ஃபோகஸ் அட்டையின் மேல் இருக்க வேண்டும், டையோடின் மேல் அல்ல.