டாக்காவ் வதைமுகாம் நினைவகம்: குடும்பத்தோடு போகலாமா?

ஜூன் மாதம் மியூனிக் நகரில் மூன்று நாள் தங்கவிருக்கும் வாசகர் ஒருவர், நாஜி வதைமுகாம் இருந்த இடத்திலுள்ள டாக்காவ் நினைவகத்தையும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா, முன்பதிவு வேண்டுமா, 15 வயது மகனையும் 9 வயது மகளையும் எழுபதைத் தாண்டிய தாயாரையும் அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். கோட்டைக்குப் போக மட்டுமே ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். டாக்காவுக்கோ குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. நுழைவுக் கட்டணம் இல்லை, சுற்றுலாக் குழுவாக அன்றித் தாமாக வருவோர் முன்பதிவும் செய்யத் தேவையில்லை. மியூனிக் மத்திய நிலையத்தில் எஸ்-2 புறநகர் ரயிலில் ஏறி டாக்காவில் இறங்கி, 726 எண் பேருந்தைப் பிடிக்கலாம். ஐந்து பெரியவர்கள் வரை செல்லத்தக்க, எம்-1 கட்டண மண்டலத்துக்கான குழு நாள் பயணச்சீட்டு ஒன்றே உங்கள் குடும்பத்துக்குப் போதும்.

மகளை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. கண்காட்சியில் பிணக்குவியல்களின் படங்களும், கைதிகள் மீது நடத்தப்பட்ட மருத்துவப் பரிசோதனைகளின் படங்களும் உள்ளன. பதின்மூன்று வயதுக்கு முன் இவற்றைக் காட்டி விளக்குவது எளிதன்று. தாயாரைப் பொறுத்தவரை, சரளைக்கல் பரப்பிய, நிழலில்லாத திடலில் வெகுதூரம் நடக்க நேரும் என்பதைச் சொல்லி, முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் பேத்தியோடு நகரிலேயே இருந்துகொண்டால் நீங்கள் மகனோடு அவசரமின்றிப் பார்க்கலாம்.

மகனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1933 மார்ச்சில், அரசியல் எதிரிகளை அடைக்கத் தொடங்கப்பட்ட முகாம் இது; பின்னர் வந்த முகாம்களுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று. 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை விடுவிக்கும் வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைபட்டனர். ஏறத்தாழ 41,500 பேர் மாண்டனர். நச்சுவாயு அறைகளில் கூட்டங்கூட்டமாக மக்களைக் கொன்ற அவுஷ்விட்ஸ் முகாமோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே நச்சுவாயு அறை ஒன்று இருந்தாலும் அது கூட்டக்கொலைக்குப் பயன்படுத்தப்படவில்லை. பட்டினி, நோய், கடும் உழைப்பு, சித்திரவதை, துப்பாக்கிச் சூடு ஆகியவையே இங்கு உயிர்களைப் பறித்தன.

நேரே பிண எரிப்புக் கூடத்துக்குப் போய்ப் படமெடுத்துத் திரும்புகிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அப்படிச் செய்யாமல் பழைய பராமரிப்புக் கட்டடத்திலுள்ள கண்காட்சியை முதலில் பார்த்தால்தான் வெளியே இருப்பது எதுவென்று விளங்கும்; ஏனெனில் கைதிகளின் கொட்டடிகள் இடிக்கப்பட்டு, இரண்டு மட்டும் மறுபடி கட்டப்பட்டுள்ளன, மற்றவற்றுக்கு அடித்தளத் தடங்களே மிச்சம். ‘உழைப்பு விடுதலை தரும்’ என்று எழுதிய வாயிற்கதவு 2014இல் திருடப்பட்டு, 2016இல் நார்வேயில் கிடைத்தது. இப்போது வாயிலில் இருப்பது நகல். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சிறு கட்டணம் செலுத்தி, சுமார் இரண்டரை மணி நேரம் நீளும் ஆங்கில வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.

எரிப்புக் கூடத்துக்குச் செல்லும்போது நூர் இனாயத் கானின் பெயர் பொறித்த பலகையைத் தேடிப் பாருங்கள். திப்பு சுல்தான் வழிவந்த அவர், பிரிட்டனுக்காக ரகசியமாக வானொலிக் கருவியில் செய்தி அனுப்புபவராகப் பாரிஸில் பணியாற்றிப் பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று வேறு மூன்று பெண்களோடு இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியர் பலர் இதை அறியாமலே கடந்துபோகிறார்கள்.

சொந்த உபயோகத்துக்குப் படமெடுக்கலாம். சிரித்தபடி செல்ஃபி வேண்டாம். இன்னொன்று, வழிகாட்டி நூல்கள் நம்மவர்க்குச் சொல்லாதது: ஸ்வஸ்திகம் பொறித்த டாலரோ மோதிரமோ பையோ இருந்தால் அன்று விடுதி அறையிலேயே வைத்துவிடுங்கள். நமக்கு அது மங்கலச் சின்னம். ஆனால் அதையொத்த நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம், அங்கே உங்கள் அருகில் நிற்பவர் அந்த முகாமில் தாத்தாவைப் பறிகொடுத்தவராகவும் இருக்கக்கூடும்.