கருவாட்டு வியாபாரத்துக்குக் குறளும் சுன் சூவும் உதவுமா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். அப்பா காலத்துத் தொழில், சில வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. உப்புப் போட, காயப்போட, தரம் பிரிக்க ஏழெட்டுப் பெண்கள், சுமை ஏற்ற இரண்டு பையன்கள். சரக்கு மதுரை, திண்டுக்கல் மொத்தக் கடைகளுக்குப் போகிறது. சமீபத்தில் ஒரு தலைமைப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். குறள், கீதை, சீனத்துப் போர்க்கலை, தாவோ என்று நிறையச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்தால் எதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. ஆட்கள் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள், வேலை பழையபடிதான் நடக்கிறது. கடைக்காரர்கள் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்காமல் பேச்சையே ஆரம்பிப்பதில்லை. பக்கத்து வியாபாரி விலையை உடைக்கிறார். அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். வகுப்பில் கேட்டதில் எது சரக்கு, எது ஜிகினா என்று முதலில் பிரித்துவிடலாம்.

பழைய நூல்களில் தலைமை பற்றி வருவதில் பெரும்பகுதி அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துச் சொன்னது. குறளின் பொருட்பாலில் 39 முதல் 63 வரை உள்ள 25 அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். ராஜா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று குடிமக்களுக்கு அங்கே பாடம் நடக்கவில்லை. ராஜாவைத்தான் வள்ளுவர் பிடித்து உட்காரவைத்திருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் இதை அப்படியே தலைகீழாக்கி, ஆட்களை வேலை வாங்கவும் வாங்குபவரை மடக்கவும் ஒரு வித்தையாக விற்கிறார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47-ஆம் சுலோகம் இதற்கு நல்ல உதாரணம். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று அர்ச்சுனனுக்கு, அவன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றிச் சொன்னது அது. அதைச் சம்பள உயர்வு கேட்டவரிடம் எடுத்துவிடும் முதலாளிகள் எத்தனை பேர்!

அதனால் எந்தப் பொன்மொழி காதில் விழுந்தாலும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இதில் யார் மாற வேண்டும் என்கிறது? 'நான்' என்று பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'அவர்கள்' என்று வந்தால் சொன்னவர் எதையோ திருப்பிப் போட்டிருக்கிறார்.

இனி விற்பனை. உங்கள் பத்து ரூபாய்ச் சண்டை போனில் நடந்தாலும், அதன் வேர் காயப்போடும் களத்தில் இருக்கிறது.

வியாபாரிக்கென்றே ஒரு குறள் உண்டு: 'வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்' (120). பொருட்பாலில் தேடினால் கிடைக்காது. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அடுத்தவர் பொருளையும் தன் பொருள் மாதிரிப் பார்த்துச் செய்வதுதான் நல்ல வியாபாரம் என்கிறது. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' என்றுதான் பாராட்டுகிறது. வாங்கும்போது கூட எடுக்கவில்லை, கொடுக்கும்போது குறைக்கவில்லை. நம் கரைக்கும் இது அந்நியமான பேச்சு இல்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது. முகம் தெரியாதவர்களோடு வியாபாரம் பண்ணிப் பழகிய கரை இது.

சரி, இதைக் கருவாட்டில் வைத்துப் பார்ப்போம். நெத்திலியை முக்கால் காய்ச்சலில் அள்ளி மூட்டை கட்டினால் எடை நிற்கும். இன்னும் ஒரு நாள் வெயில் காட்டினால் எடை இறங்கும். ஒரு மூட்டையை 30 கிலோ என்று போட்டு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் நாலு நாள் கிடந்து ஈரம் போனபின் கடைக்காரர் தராசில் 28 காட்டினால், அந்த இரண்டு கிலோவும் தண்ணீர். மீன் விலைக்குத் தண்ணீரை விற்றிருக்கிறீர்கள். அவர் சண்டைக்கு வர மாட்டார். அடுத்த லோடுக்கு வாயைத் திறக்கும்போதே பத்து ரூபாய் குறைத்துக் கேட்பார். அந்தப் பத்து ரூபாய் அவர் பிடிக்கும் கழிவு. கூடுதல் உப்பு, ஒட்டியிருக்கும் மணல், மேலே பெரிசும் கீழே பொடிசுமாக அடுக்கிய மூட்டை எல்லாம் இதே கணக்கில்தான் போய்ச் சேரும். பேரம் பேசும் கலையை எவ்வளவு படித்தாலும் இந்தக் கழிவைப் பேசிக் கரைக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. மூட்டை கட்டும் முன் நெத்திலியில் பத்துப் பதினைந்தை அங்கங்கே எடுத்து இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். சட்டென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் திரும்பக் காயப்போடுங்கள். சீலா, பாறை மாதிரித் தடித்த மீனில் முதுகுச் சதையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த இரண்டு மூட்டையைத் தனியாக, கட்டிய தேதியும் எடையும் எழுதி ஒரே ஒரு கடைக்கு அனுப்புங்கள். 'ஒரு வாரம் வச்சு எடை பாருங்கண்ணே, குறைஞ்சா அடுத்த பில்லுல கழிச்சுக்குங்க' என்று சொல்லுங்கள். விலையை அவரிடம் அதற்கப்புறம் பேசுங்கள். காய்ச்சலில் இறங்கும் எடைக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யோக்கியமாக இருந்து நஷ்டப்படுவீர்கள். அப்படி நஷ்டப்படச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பேச்சைப் பற்றியும் ஒன்று. 'வேட்பத்தாஞ் சொல்லிப் பிறர்சொல் பயன்கோடல்' என்று சொல்வன்மை அதிகாரத்தில் வருகிறது (646). கேட்பவர் விரும்பும்படி பேசு என்பது முதல் பாதி. வகுப்புகள் அதோடு நின்றுவிடும். மறு பாதி, எதிராளி சொல்வதிலிருந்து பயனை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நீங்கள் கடைக்காரரிடம் கடைசியாக எப்போது 'எந்தக் கருவாடு திரும்பி வருது, ஏன் வருது' என்று கேட்டீர்கள்? அதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பயிற்சியில் கிடைக்காத பாடம் அங்கே இலவசமாகக் கிடைக்கும். சரக்கில் குறை இருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: 'இந்தத் தடவை சூடையில உப்பு கொஞ்சம் தூக்கல், ஊற வச்சு சமைக்கச் சொல்லுங்க.' அந்த லோடுக்கு இரண்டு ரூபாய் குறையலாம். ஆனால் அடுத்த முறை 'இது நல்ல சரக்கு' என்று நீங்கள் சொன்னால் நம்புவார்.

அடுத்து உங்கள் ஆட்கள். தலையாட்டுகிறார்கள், செய்வதில்லை என்கிறீர்கள். மணலில் போடாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். எதன் மேல் போட வேண்டும் என்பதற்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா? 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' (517). பயிற்சியாளர்களுக்குப் பிடித்த குறள். வேலையை ஆள் பார்த்துக் கொடு என்று சுருக்கிச் சொல்லிவிட்டுப் போவார்கள். வேலை, ஆள், இரண்டுக்கும் நடுவே கருவி என்று மூன்று கணக்கு அதில் இருக்கிறது. கருவி முதலாளி செலவு. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, வலை இழுத்துக் கட்டிய தட்டு போட்டுக் கொடுங்கள். மணல் ஒட்டாது, காற்று அடியிலும் புகுந்து வரும், நாயும் கோழியும் கிட்டே வராது, பெண்களுக்கு நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் வேலையும் மிச்சம். அதற்கப்புறம் மணல் இருந்தால் கேளுங்கள், நியாயம்.

இரண்டாவது, உங்கள் களத்தில் கெட்ட செய்தி மேலே வருகிறதா? 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்' நிழலில் உலகம் தங்கும் என்கிறது 389-ஆம் குறள். காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது எளிதாகத்தான் படும், ஒரு மூட்டை பூஞ்சை பிடித்து வந்து நிற்கும்வரை. அன்று அதைக் கொண்டுவந்து காட்டிய அக்காவை நாலு பேர் முன்னால் வைத்துக் கத்தினால், அடுத்த பூஞ்சை மூட்டை நல்ல மூட்டைக்கு அடியில் போய்விடும். திண்டுக்கல்லில்தான் அது வெளியே வரும். மழை வரும்போல இருக்கிறது, இன்று விரிக்க வேண்டாம் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருப்பவர் அங்கே நிச்சயம் ஒருவர் இருப்பார், அநேகமாக வயதில் மூத்தவர். உங்கள் முடிவைச் சொல்லுமுன் அவரிடம் 'என்ன பெரியம்மா, இன்னைக்கு விரிக்கலாமா?' என்று கேளுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அவர் தலைதான் ஆட்டுவார்.

ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் பலமுறை சொன்ன ஒரு நிகழ்ச்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் தோற்றபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-இல் வென்றபோது கலாமை அனுப்பிப் பேசச் சொன்னார். நம் ஊரில் இதைக் கலாமின் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். இதில் தலைமைப் பாடம் தவானிடம் இருக்கிறது. சீனத்துப் பழைய நூலான தாவோவின் 17-ஆம் பகுதியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: நல்ல தலைவன் இருப்பது தெரியாது, வேலை முடிந்ததும் ஜனங்கள் 'நாங்களே செய்தோம்' என்பார்கள்.

வகுப்பில் அநேகமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒன்று, பௌத்தத்தின் சிகாலோவாத சுத்தம் என்ற பாலி உரை. சிகாலன் என்ற இல்லறத்து இளைஞனுக்குப் புத்தர் சொன்னது. முதலாளி ஆட்களுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து என்கிறார். பலத்துக்குத் தக்க வேலை, சாப்பாடும் கூலியும், நோய் வந்தால் கவனிப்பு, நல்ல பண்டம் கிடைத்தால் பங்கு, வேண்டிய நேரத்தில் ஓய்வு. ஆட்கள் முதலாளிக்குச் செய்ய வேண்டிய ஐந்து இதற்குப் பின்னால்தான் வருகிறது. எனக்கு அந்த வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் களத்தில் ஈரக் கூடையைத் தூக்குவது யார், முழங்கால் வலிக்கும் ஆளா, பையன்களா? நல்ல சீலா வந்த நாளில் ஆளுக்கு ஒரு துண்டு வீட்டுக்குப் போகிறதா? ஏர்வாடிச் சந்தனக்கூடு, கோயில் கொடியேற்றம், மாதா திருவிழா என்று நாள் வரும்போது லீவு கேட்டு நிற்க வைக்கிறீர்களா, வருட ஆரம்பத்திலேயே குறித்துவைத்திருக்கிறீர்களா? தலையாட்டல் பெரும்பாலும் இங்கேதான் மாறும்.

பக்கத்து வியாபாரி விஷயத்துக்கு, சீனத்துப் போர்க்கலை நூலின் ஆசிரியர் என்று சொல்லப்படும் சுன் சூவை இழுத்திருப்பார்கள். எதிரியை அறி, உன்னை அறி, நூறு போரிலும் ஆபத்தில்லை என்றுதான் அவர் சொன்னது. நூறிலும் ஜெயிப்பாய் என்று சொல்லவில்லை. போரிடாமல் அடக்குவதே மேல் என்றவரும், நீண்ட போரால் எந்த நாடும் நன்மை அடைந்ததில்லை என்றவரும் அவரே. நீங்கள் ஐந்து இறக்க, அவர் ஐந்து இறக்க, லாபம் மதுரைக்குப் போகும். அதுவும் அவர் உங்கள் மாமன் மச்சான் முறையாகக்கூட இருக்கலாம். கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். வலியறிதலின் முதல் குறள் (471) வினைவலி, தன்வலி, மாற்றான் வலி என்று எண்ணிவிட்டுத் துணைவலியையும் எடைபோடச் சொல்கிறது. பாதி காலி வண்டியாக இருவரும் தனித்தனியே அனுப்புவதை விட்டு, வாரம் ஒரு முறையாவது ஒரே வண்டியில் ஏற்றிப் பாருங்கள். வாடகை பாதியாகும். விலை பற்றிய பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் வாடகை மிச்சம்.

காலம், இடம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குக் கச்சான் காற்று அடித்தால் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகிழக்கு வாடைக் காற்று இறங்கினால் பாக் நீரிணை. அந்தந்தக் காலத்தில் மறுபக்கம் போய்த் தொழில் செய்பவர்கள் நம் ஆட்கள். 'காலம் கருதி இடத்தாற் செயின்' என்பது அவர்களுக்குப் பழக்கம். நீங்கள் அதைச் சரக்கு இருப்பில் செய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. பச்சை மீன் வரத்து குறையும் அந்த நாட்களுக்கு, தை மாசி வெயிலில் காய்ந்த நெத்திலியை எடுத்துவையுங்கள். சாளை மாதிரி எண்ணெய் மீனை வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். கடன் வாங்கி இருப்புக் கட்ட வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலையே களத்தில் இறங்கி ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது போல என்று தாவோவின் 60-ஆம் பகுதி சொல்கிறது. நெத்திலியை வாணலியில் சும்மா சும்மா புரட்டினால் என்ன ஆகும் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் தட்டு, அப்புறம் எடை. இரண்டும் படிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தத் தொகையை மழைக்கு முன் வலைத் தட்டுக்கும் ஒரு நல்ல தராசுக்கும் போடுங்கள். சூரிய உலர்த்தி பற்றி மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள். மானியம் ஏதும் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பாக்கெட் போட்டு நேரடியாக விற்கும் யோசனை இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலில் முடித்துவிட்டு, எடை, விலை, கட்டிய தேதி முதலியவற்றை அச்சிட்ட பிறகு சந்தைக்கு வாருங்கள்.