வெம்ப்ளி வளைவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனின் வெம்ப்ளி கால்பந்து ஸ்டேடியத்தை நீங்கள் புகழ்ந்து எழுதியது எனக்கு ஒப்பவில்லை. பழைய அரங்கோடு, அதன் முகப்பில் 80 வருடம் நின்ற இரட்டைக் கோபுரங்களையும் இடித்துவிட்டு, புதிய அரங்கின் மேலே ஒரு வெள்ளை வளைவை மாட்டியிருக்கிறார்கள். வெறும் அலங்காரத்துக்கு இத்தனை இரும்பா? கோபுரங்களையாவது விட்டுவைத்திருக்கலாமே.

ரமேஷ்

அன்புள்ள ரமேஷ்,

கோபுரங்கள் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அலங்காரம் என்றால் அவற்றைத்தான் சொல்ல வேண்டும். முகப்புக்காக எழுப்பியவை அவை. கான்கிரீட்டில் வார்த்தவை என்பதால் கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் அடுக்கவும் வழியில்லை.

வளைவு சும்மா நிற்கவில்லை. வடக்குக் கூரையின் பாரம் முழுக்க, தெற்குக் கூரையின் பாரத்தில் பாதிக்கு மேல், இரும்பு வடங்கள் வழியாக அதில்தான் தொங்குகிறது. 315 மீட்டர் அகலம், 133 மீட்டர் உயரம். செங்குத்தாகவும் நிற்காது, கயிறு இழுப்பவர் பின்னால் சாய்வாரே, அப்படிச் சாய்ந்திருக்கும்.

எதற்கு இந்தப் பாடு? பழைய வெம்ப்ளியில் கூரையைத் தூண்கள் தாங்கின. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவருக்குப் பக்கத்து ஆள் எழுந்து கத்தினால்தான் கோல் விழுந்ததே தெரியும். போதாததற்கு ஆடுகளத்தைச் சுற்றி நாய்ப் பந்தயப் பாதை வேறு. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனமும் பங்கெடுத்து வடிவமைத்து 2007-இல் திறந்த புதிய ஸ்டேடியத்தில் 90,000 இருக்கைகள். கண்ணை மறைக்க ஒரு தூண் கிடையாது.

பழசை அடியோடு மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1923-இல் அங்கே நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பை) இறுதிப் போட்டிக்கு, அரங்கு கொள்ளாமல், இரண்டு லட்சம் பேராவது வந்திருப்பார்கள் என்று கணக்கு. கூட்டம் ஆடுகளத்திலேயே இறங்கிவிட்டது. குதிரைப் போலீஸ் பொறுமையாக ஓரம் தள்ளிய பிறகுதான், முக்கால் மணி நேரம் தாமதமாக, ஆட்டம் தொடங்கியது. அதில் எல்லோர் மனதிலும் நின்றது பில்லி என்ற வெள்ளைக் குதிரை. அரங்குக்குப் போகும் நடைபாலத்துக்கு இன்று வெள்ளைக் குதிரைப் பாலம் என்றே பெயர்.

சரி, குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் புல்லைச் சொல்லுங்கள். இருக்கை வரிசைகள் அவ்வளவு உயரமாகச் சூழ்ந்திருப்பதால் வெயிலும் காற்றும் தரைக்குச் சரியாக இறங்குவதில்லை. வெயில் விழட்டும் என்று கூரையின் ஒரு பகுதியை நகர்த்தும்படி அமைத்தும், முதல் சில வருடங்களில் ஆட்டக்காரர் காலடியில் புல் பெயர்ந்து வந்தது. திரும்பத் திரும்பப் பதித்துப் பார்த்தார்கள். கடைசியில் 2010-இல், புல்லோடு பிளாஸ்டிக் இழைகளையும் சேர்த்து மண்ணில் தைத்த பிறகுதான் தரை ஓரளவு நிலைத்தது.