உழவு மெசினின் கிராங்கை அரைத்துப் போடலாமா, புதிதாகவே வாங்க வேண்டுமா?

பெயரிங் சுற்றிக் கிராங்கில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற என்ஜின் தண்டில், கோடு விழுந்துவிட்டது, மெக்கானிக் புதுசு வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மைக்ரோமீற்றர் வைத்து அளந்தாரா என்று எழுதவில்லை. அளந்திருக்க மாட்டார்.

தம்பலகாமத்தில் எங்கள் வயலில் ஓடுவது பழைய மாசி பேர்கஸன் 240. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜின். பெரும்போக உழவு நடுவில் ஒயில் பிரஷர் இறங்கி, அடியில் டொக்கு டொக்கென்று தட்டத் தொடங்கியது. உடனே நிறுத்திக் கழற்றினால் நடுச் சிலிண்டரின் பிக் எண்ட் ஜேர்னலில், அதாவது பிஸ்டனின் கொன்ரொட் வந்து பூட்டுகிற கிராங்கின் உருளைப் பகுதியில், நகம் மாட்டுகிற கோடு. பார்த்தவுடனேயே கராஜில் "புதுக் கிராங்க்தான்" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பெயரிங்குகளின் முதுகில் 0.25 என்று அடித்திருந்ததை ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அதாவது முன்பே ஒருமுறை 0.25 மில்லிமீற்றர் அரைத்து, மெலிந்த அளவுக்கு ஏற்ற தடித்த பெயரிங் போட்ட கிராங்க் அது.

கிண்ணியாவில் கடைச்சல் பட்டறை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். கிராங்க் அரைக்கிற மெசின் அவரிடம் இல்லை, அதனால் அவருக்கு இதில் ஒரு சதமும் லாபமில்லை. ஒவ்வொரு ஜேர்னலையும் இரண்டு பக்கமாக அளந்துவிட்டுச் சொன்னார்: "0.50க்கு அரைக்கலாம் தம்பி. ஆனா அந்த அளவுல பெயரிங் கிடைக்குதா எண்டு முதல்ல கேளுங்க. அரைச்ச பிறகு தேடி அலையாதீங்க." பெயரிங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் குருநாகலுக்கு அனுப்பினோம். அங்கே காந்தப் பொடி போட்டு வெடிப்பு இல்லை என்று பார்த்த பிறகே அரைத்தார்கள். ஜேர்னலின் ஓர வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைக் கூராக வெட்டினால் கிராங்க் அந்த இடத்தில்தான் முறியும். ஒயில் துளைகளையும் கழுவித் தரச் சொல்லுங்கள். மெசின் இன்னும் உழுகிறது.

"பழைய இரும்பைக் கட்டி அழுகிறான்" என்று எழுத வருபவர்களுக்கு: வெடிப்பு இருந்தால், சூட்டில் நீலம் பாய்ந்து வளைந்திருந்தால், கடைசி அளவு வரை அரைத்து முடிந்திருந்தால் நானும் புதிதுதான் வாங்குவேன். மேற்தோலை மட்டும் கடினப்படுத்திய கிராங்க் என்றால் அரைத்த பிறகு திரும்பக் கடினப்படுத்த வேண்டும், அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் அரைத்தே ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை.

புதிது வாங்கு என்பது வாய்க்குச் சுலபம். நெல்லைக் காயவைத்துக் கொண்டுபோனாலும் ஈரம் என்று மூட்டைக்கு மூட்டை கிலோ கழிக்கிற யாவாரிகளிடம் விற்றுவிட்டு வந்து சொல்லட்டும். தராசும் அவர்களுடையது, ஈரம் பார்க்கிற கருவியும் அவர்களுடையது. சரி, அதை விடுங்கள்.

எதைப் போட்டாலும் ஒயில் பம்பையும் ஒயில் வழியையும் பார்க்காமல் பூட்டாதீர்கள், புதுக் கிராங்கும் அதேபோல் எரியும். முதலில் கழற்றிய பெயரிங்கைத் திருப்பி, முதுகில் என்ன அளவு அடித்திருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.