வைக்கிங் கப்பலை அதே பழைய முறையில் கட்டி இன்று பெருங்கடலைக் கடக்க முடியுமா?

முடியும். 1893-லேயே கடந்து காட்டிவிட்டார்கள். கேள்வி கேட்டவர் கூடவே "அசல் கப்பல்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு செலவழித்து நகல்?" என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அசலை நூறு வருடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் பிடிபடாதது, நகலைத் தண்ணீரில் இறக்கினால் பிடிபட்டுவிடும். ஓஸபெர்க் கப்பலில் அப்படித்தான் நடந்தது.

நார்வேயில் டோன்ஸ்பெர்க் ஊருக்குப் பக்கத்தில் ஒரு புதைமேட்டிலிருந்து 1904-05-இல் தோண்டி எடுத்த கப்பல் அது. 834-இல் இரண்டு பெண்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டது. மண்ணின் பாரத்தில் நொறுங்கிக் கிடந்த மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து முழுக் கப்பலாக நிறுத்தினார்கள். செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, இது கரையோரம் உலா போகிற அரச குடும்பத்துப் படகு, கடலுக்கு லாயக்கில்லை என்றே பலரும் சொல்லிவந்தார்கள். 1987-இல் அதை அப்படியே அளந்து ஒரு நகல் கட்டினார்கள். அடுத்த வருடம் பாய் விரித்து வெள்ளோட்டம் விட்டபோது, வேகம் பிடித்ததும் அணியத்தின் (கப்பலின் முன்முனை) பக்கம் தண்ணீர் ஏறி மூழ்கிப்போனது.

அதோடு விட்டிருந்தால் "அப்போதே சொன்னோமே" என்று முடிந்திருக்கும். விடவில்லை. பல வருடம் கழித்து அசலின் துண்டுகளை ஒவ்வொன்றாக லேசரில் அளந்து, சிறிய மாதிரி செய்து மறுபடி பொருத்திப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் துண்டுகளைச் சேர்த்தபோதே அடிப்பக்கத்தின் வளைவு தவறிவிட்டது தெரியவந்தது. திருத்திய வடிவத்தில், பழைய முறையிலேயே டோன்ஸ்பெர்க்கில் கட்டி, 2012-இல் நீரில் இறக்கிய 'சாகா ஓஸபெர்க்' நன்றாகவே பாய் விரித்து ஓடுகிறது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய தச்சர்கள் மேல் விழுந்த பழியை ஒரு நகல் துடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பயன் என்ன வேண்டும்?

இனி பெருங்கடல் விஷயம். வைக்கிங் என்றதும் டிராகன் தலை வைத்த ஒடிசலான போர்க்கப்பல்தான் நம் மனதில் வரும். ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் ஆடு மாடு, தானியம், மரம், குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றிப்போனது அது இல்லை. வயிறு பெருத்த சரக்குக் கப்பல். டென்மார்க்கில் ரோஸ்கில்டே ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல்) நீர்வழியை அடைக்க 1070 வாக்கில் வேண்டுமென்றே மூழ்கடித்த ஐந்து கப்பல்களை 1962-இல் தோண்டி எடுத்தார்கள். அந்த ஐந்தில் 'ஸ்கல்டலெவ் 1' இந்த வகை. நீளம் 16 மீட்டர்தான். 24 டன் சரக்கு ஏற்றலாம், ஏழெட்டுப் பேர் ஓட்டலாம். மேற்கு நார்வேயின் சோன்யஃபியோர்டு பகுதியில் 1030 வாக்கில் பைன் மரத்தில் கட்டியது. பிறகு வேறு இடங்களில் ஓக் பலகை போட்டுப் பழுது பார்த்திருக்கிறார்கள். இதைப் பார்த்துக் கட்டிய 'சாகா சிக்லார்' 1984 முதல் 1986 வரை உலகத்தையே சுற்றி வந்தது. 1992-இல் ஸ்பெயின் கரைக்கு அப்பால் புயலில் சிக்கி அழிந்தது. நல்ல கப்பல் என்பதால் கடல் சலுகை காட்டுவதில்லை.

கட்டும் முறைக்கு வருகிறேன். நம் காலத்துத் தச்சருக்கு முதலில் கசப்பது, ரம்பம் கிடையாது என்பதுதான். பழைய பலகைகளில் ரம்பத்தின் தடமே இல்லை, கோடாலித் தடம்தான். ஓக் மரத்தை வெட்டிய பச்சையோடு, ஆப்பு அடித்து இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போவார்கள். நடுத்தண்டிலிருந்து பட்டை வரை போகும் ரேகையோடு பிளப்பதால் மரத்தின் நார் எங்கேயும் அறுபடாது. அதனால்தான் இரண்டரை சென்டிமீட்டர் கனத்துப் பலகை கடலைத் தாங்குகிறது. இதையே ரம்பத்தில் அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். அதே பலம் வேண்டுமென்றால் பலகையைத் தடிமனாக்க வேண்டும், கப்பல் கனத்துப்போகும். ரோஸ்கில்டே கப்பல் பட்டறையில் அப்படிச் செதுக்கிய பலகை ஒன்றைத் தடவிப் பார்த்திருக்கிறேன். வழவழப்பாக இருக்காது. கோடாலி இறங்கிய ஒவ்வொரு இடமும் மெல்லிய பள்ளமாக விரலில் தட்டும்.

இன்னொன்று, கட்டும் வரிசை. முதலில் வங்குகளை (விலா எலும்பு போன்ற உள் சட்டங்கள்) நிறுத்திவிட்டு அதன்மேல் பலகை அடிப்பதில்லை. அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையிலிருந்து பலகைமேல் பலகையாக விளிம்பு ஏறி நிற்கும்படி அடுக்கி, மேனியை எழுப்பிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பொருந்த வங்குகள் பிறகுதான் உள்ளே வரும். இரண்டு பலகை சேரும் இடத்தில் தார் தோய்த்த கம்பளி நூல். அதன் ஊடாக வெளியிலிருந்து இரும்பு ஆணி. வெளியே ஒருவர் கனத்த சுத்தியலை ஆணித் தலையில் முட்டுக்கொடுத்துப் பிடிக்க, உள்ளே இருப்பவர் சதுர வாஷர் ஒன்றை மாட்டி, மீதி ஆணியை வெட்டி, முனையைத் தட்டித் தட்டிப் பரத்துவார். ஓரிரு நிமிட வேலைதான். ஆனால் டப்ளினில் 1042-இல் கட்டிய நீளப் போர்க்கப்பலின் நகலான 'கடல் குதிரை'க்கு இப்படி 7,000 ஆணி தேவைப்பட்டது, 300 ஓக் மரமும் போனது. 2000-இல் தொடங்கி 2004-இல் நீரில் இறக்கி, 2007-இல் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதை ரோஸ்கில்டேயிலிருந்து டப்ளின் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கூடவே பாதுகாப்புக்கு நவீனக் கப்பல் ஒன்று போனது. காற்று விழுந்துபோன ஒரு கட்டத்தில் கட்டி இழுக்கவும் வேண்டியிருந்தது. உயிர் போகும் விஷயம் என்பதால் அதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

இப்படிக் கட்டினால் கப்பல் வளையும். 1893-இல் மாக்னஸ் ஆண்டர்சன், நார்வேயில் கிடைத்த இன்னொரு வைக்கிங் கப்பலான கோக்ஸ்டாட்டின் நகலை நார்வேயின் பெர்கனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு நான்கே வாரத்தில் ஓட்டி, அங்கிருந்து சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பெரிய அலையில் மேல் விளிம்பு 15 சென்டிமீட்டர் வரை முறுக்கிக்கொண்டதாகவும், அப்படியும் தண்ணீர் கசியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அலையோடு மல்லுக்கு நிற்காமல் இசைந்து கொடுக்கிற உடம்பு. வரைபடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

மரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பாயை மறந்துவிடுகிறோம். பாய் செம்மறி ஆட்டுக் கம்பளி. வடக்கு நார்வேயில் ட்ரோன்டெனெஸ் தேவாலயத்தின் சுவருக்கும் கூரைக்கும் இடையில் அடைத்துவைத்திருந்த பழந்துணி, பிற்காலத்துக் கம்பளிப் பாய் என்று தெரிந்தது. ரோமம் எடுத்து, நூற்று, நெய்து, காற்று ஊடுருவாமல் இருக்கக் கொழுப்பும் தாரும் பூச வேண்டும். 90 சதுர மீட்டர் பாய்க்கு எத்தனை கைகள் எத்தனை குளிர்காலம் உட்கார்ந்திருக்கும்! அதில் பெரும்பாலும் பெண்களின் கைகள். கப்பல் கட்டியவர்கள் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரில் பார்க்க விரும்பினால் ரோஸ்கில்டேவுக்குப் போங்கள், கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். முன்பு சொன்ன ஐந்தில் இன்னொன்றான 'ஸ்கல்டலெவ் 3'-இன் நகலாக 1984-இல் நீரில் இறங்கிய 'ரோவார் ஏய' முப்பது வருடத்துக்கு மேல் ஓடி உழைத்து, 2016-இல் கரையேறியது. அதற்குப் பதிலாக அதே பட்டறையில் கோடாலியால் செதுக்கிய 'எஸ்ட்ரிட் பியூர்டிங்' 2022 முதல் அந்த ஃபியோர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.