சுகர் உள்ள தாய், குறித்த தேதியில் சிசேரியன், நுரையீரல் ஊசி: வாசகர் கேள்விகள்

கர்ப்பகால சர்க்கரை பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஊசியைச் சுற்றியே இருந்தன: பிறக்கும் முன்பே குழந்தையின் நுரையீரலைத் தயார்படுத்தத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். முதல் குழந்தை சிசேரியன், இதுவும் அப்படித்தான். 38-வது வாரத்தில் தேதி குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். நர்ஸாக இருக்கும் என் நாத்தனாரோ சுகர் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஆகாது என்கிறார். யார் சொல்வது சரி? (நெல்லிக்குப்பம்)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலி எடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை உறிஞ்ச வைக்கின்றன. வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்தால் நீர் தங்கிவிடுகிறது, குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாயின் சர்க்கரை ஏறினால் குழந்தையின் உடம்பு அதிகமாக இன்சுலின் சுரக்கும். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் உருவாவதை அந்த இன்சுலின் தாமதப்படுத்துகிறது. உங்கள் டாக்டரின் கவலை இதுதான்.

ஊசி வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நிறைமாதத்தில் வலி வரும் முன் சிசேரியன் செய்துகொண்ட பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. மூச்சுத்திணறலால் தனிப் பராமரிப்புக்குப் போன குழந்தைகள் ஊசி போடாதவர்களில் 5.1 சதவீதம், போட்டவர்களில் 2.4 சதவீதம்.

இனி உங்கள் நாத்தனாரின் பக்கம். இந்த ஊசி தாயின் சுகரை ஏற்றும், பிறந்த குழந்தையின் சுகரை இறக்கும். 34 முதல் 36 வாரம் வரையான கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2016-ல் வந்தது. அதில் சுகர் குறைந்த குழந்தைகள் 15 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் கூடினார்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்த பெண்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சுகர் உள்ள தாயின் குழந்தைக்கு ஏற்கெனவே சுகர் குறையும் அபாயம் இருப்பதால், இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆகவே டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "ஏன் 38? 39-வது வாரம் வரை காத்திருக்க முடியாதா?" சுகர் கட்டுப்படவில்லை, பிரஷர் ஏறுகிறது, பனிக்குட நீர் அதிகம் என்று காரணம் சொன்னால் அந்தத் தேதியை ஏற்றுக்கொண்டு, ஊசியின் நன்மை தீமைகளை அவருடனேயே பேசி முடிவெடுங்கள். அப்படிக் காரணம் இல்லையென்றால் அந்த ஒரு வாரமே நல்ல மருந்து.

மாமனார் 37-வது வாரத்தில் நல்ல நாள் பார்த்துவிட்டார். ஊசி போட்டுக்கொண்டால் பரவாயில்லையா? (பண்ருட்டி)

வேண்டாம். 2008-ல் வெளியான டென்மார்க் ஆய்வின்படி, இயல்பாகப் பிறக்கும் குழந்தையோடு ஒப்பிட்டால், திட்டமிட்ட சிசேரியனில் மூச்சுச் சிக்கல் வரும் வாய்ப்பு 37-வது வாரத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு, 38-ல் மூன்று மடங்கு, 39-ல் இரண்டு மடங்கு. மாமனாரிடம் 39-வது வாரத்தில் ஒரு நல்ல நாள் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் இப்படிக் கேட்டால் அநேகமாக மறுப்பதில்லை.

மனைவிக்கு 31 வாரம். பிரஷர் அதிகம், சுகர் 180. சீக்கிரமே குழந்தையை எடுக்க வேண்டிவரலாம் என்று ஸ்டீராய்டு போடச் சொல்கிறார்கள். சுகரை நினைத்துப் பயந்து கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பி, உடனே திரும்பிப் போய்க் கையெழுத்துப் போடுங்கள். மேலே சொன்ன தயக்கமெல்லாம் நிறைமாதத்தை ஒட்டிய வாரங்களுக்குத்தான். 34 வாரத்துக்கு முன் கணக்கே வேறு. நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் இந்த ஊசியின் பலனை வெளியிட்டதிலிருந்து, குறைமாதக் குழந்தைகளின் உயிர் காப்பதில் இதற்கு இணையான மருந்துகள் மிகக் குறைவு. இந்திய அரசின் வழிகாட்டுதலும் 24 முதல் 34 வாரம் வரை இதைப் போடச் சொல்கிறது: டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. சர்க்கரை நோய் இதற்குத் தடையில்லை, ஏறும் சுகரை இன்சுலினால் சமாளிக்கலாம். நான்கையும் போட்டு முடிக்க நேரம் கிடைக்காது போலிருந்தாலும் முதல் ஊசியையாவது போட வேண்டும்.

ஊசி போட்ட மறுநாள் சுகர் 260. இனி இறங்கவே இறங்காதோ என்று பயமாக இருக்கிறது. (அரியாங்குப்பம்)

இறங்கும். முதல் ஊசி போட்டு ஏறக்குறைய 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் உச்சத்தில் நின்று, ஐந்து நாளுக்குள் பழைய நிலைக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் அதுவாக இறங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பிரசவ நேரத்தில் தாயின் சுகர் ஏறியிருந்தால், பிறந்ததும் குழந்தையின் சுகர் சரசரவென்று இறங்கும். அந்த நாட்களில் இன்சுலினை 25 முதல் 40 சதவீதம் வரை கூட்டுவது உண்டு. மாத்திரையில் இருப்பவர்களுக்குத் தற்காலிகமாக இன்சுலின் தேவைப்படலாம். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் என்பதே இலக்கு. சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடும் டைப் 1 பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம், இது பலாப்பழக் காலமானால் அந்த ஐந்து நாளும் சுளையை வீட்டில் வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.

மகளுக்கு இந்த ஊசி போட்டுத்தான் பேரன் பிறந்தான். அவனுக்குச் சுகர் குறைவு என்றார்கள். சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்க நினைத்தேன், நர்ஸ் திட்டிவிட்டார். அதில் என்ன தப்பு? (வில்லியனூர்)

அம்மா, உங்கள் எண்ணம் அன்பானது, ஆனால் அவர் தடுத்தது சரி. சர்க்கரைத் தண்ணீரால் ஏறும் சுகர் நிலைப்பதில்லை, குழந்தை பால் குடிப்பதும் குறையும். தேனைத் தொடவே கூடாது. அதிலுள்ள கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்பைச் செயலிழக்கச் செய்யலாம். தேவையானது சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயோடு தோல் படச் சேர்த்து அணைத்துக் கொடுத்து, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்ப்பார்கள், 45-க்குக் கீழே போனால் கவனிப்பார்கள். பாலிலேயே சரியாகாவிட்டால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். ஒரு நாள் பெட்டியில் வைத்தாலும் கலங்க வேண்டாம். சேனை வைக்கும் சடங்கை, குழந்தையின் உதட்டில் விரலால் ஒரு சொட்டுத் தாய்ப்பால் தொட்டு வைத்துச் செய்யுங்களேன்.

ஊசி போட்டு இரண்டு நாளாகக் குழந்தை அசைவது குறைந்த மாதிரி இருக்கிறது. ஊசியால் அப்படி ஆகும் என்கிறார்கள். (லாஸ்பேட்டை)

ஆகலாம். நான்கைந்து நாளில் தானாகச் சரியாகும். ஆனால் ஊசியால்தான் என்று வீட்டிலிருந்தபடி முடிவு கட்ட முடியாது. சுகர் உள்ள தாய் என்பதால் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தாக வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் அசைவு குறைவாகவே இருந்தால் இப்போதே கிளம்புங்கள்.