இறாலின் தோலுரிப்பு ஹார்மோன்கள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: தோலுரிப்பைக் கட்டுப்படுத்துவது ஒரே ஹார்மோனா, மேடம்?

இல்லைம்மா. உரிக்கத் தூண்டுவது எக்டைஸ்டீராய்டு. அதைச் சுரப்பது தலைப்பகுதியில் உள்ள ஒய் உறுப்பு. அந்தச் சுரப்பைத் தடுப்பது எம்.ஐ.எச். (தோலுரிப்புத் தடுப்பு ஹார்மோன்) என்ற புரத ஹார்மோன். இது கண்காம்பில் எக்ஸ் உறுப்பில் உருவாகி, சைனஸ் சுரப்பியில் தேங்கி, ரத்தத்தில் கலக்கிறது. எக்டைஸ்டீராய்டு ஒரு ஸ்டீராய்டு, புரதமல்ல என்பதால் அதற்கென்று தனி மரபணு தேடாதே. அதைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களைத்தான் தேட வேண்டும்.

குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்பவர்: முட்டை முதிர வைக்க, தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்குகிறோமே, அப்போது தோலுரிப்பும் சீக்கிரம் வருமா?

வரும். முட்டை முதிர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனும் எம்.ஐ.எச்.-சும் ஒரே இடத்தில்தான் சுரக்கின்றன. கண்காம்பை எடுத்த நண்டு சீக்கிரம் தோலுரிப்பதை 1905-லேயே ஜெலெனி என்ற ஆய்வாளர் கவனித்துவிட்டார்.

ஆய்வு மாணவர்: கண்காம்பின் ஆர்.என்.ஏ. வரிசைகளில் எம்.ஐ.எச். போலவே பல கிடைக்கின்றன. எது நிஜம்?

எல்லோரும் தடுமாறும் இடம் இது. ரத்தச் சர்க்கரையை ஏற்றும் சி.எச்.எச்., முட்டை முதிர்ச்சியைத் தடுப்பது, எம்.ஐ.எச். எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இடங்களில் ஒரே ஒழுங்கில் வரும். 12-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் சி.எச்.எச்.-சை ஒதுக்கலாம். ஆனால் முட்டை முதிர்ச்சியைத் தடுப்பதிலும் அதே கிளைசின் உண்டு! ஆக, வரிசை ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள்.

ஜப்பானின் குருமா இறாலில் செய்ததைப் பாருங்கள். முதலில் சைனஸ் சுரப்பியின் பெப்டைடுகளை (சிறு புரதங்களை) தனித்தனியே பிரித்தார்கள். பலவும் சர்க்கரையை ஏற்றின. நான்காம் எண் கொண்டதுதான் ஒய் உறுப்பின் சுரப்பைத் தடுத்தது. 1996-ல் அதன் 77 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்திய பிறகே மரபணு வரிசைக்குப் போனார்கள். அப்புறம் பாக்டீரியாவில் அதே புரதத்தைத் தயாரித்து மறுபடியும் சோதித்தார்கள். இந்த உழைப்புக்குக் குறுக்குவழி இல்லை. உங்களிடம் பெப்டைடு இல்லையென்றால், இரட்டை இழை ஆர்.என்.ஏ. செலுத்தி அந்த மரபணுவை அடக்குங்கள். தோலுரிப்பு இடைவெளி குறைகிறதா என்று, ஒப்பீட்டுக் குழுவோடு சேர்த்துப் பாருங்கள்.

பண்ணையாளர்: இதனால் என் வனாமி இறால் குளத்துக்கு என்ன பயன், அம்மா?

ஐயா, இன்றைக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. தோலுரிக்கும் நாட்களில் இரவில் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை நிறுத்தாதீர்கள், தண்ணீரில் தாது உப்புகள் குறையாமல் பாருங்கள். தோல் இறுகாத இறாலை மற்றவை தின்றுவிடும்.